பன்னிரண்டு புரி நட்டு, பதின்மூன்று புரி போல்ட்டு

குலசேகரம்,
1935 ஜூலை 17, புதன் மத்தியானம்.

கர்த்தர் காத்து நடத்திவரும் என் அன்பு மகன் ஞானசிங்குக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உன் தங்கை பூங்கனியும் உயிரோடு சுகமாயிருக்கிறோம். உயிரோடு என்பதை வழக்கத்துக்காக எழுதவில்லை மகனே, இன்றைக்கு அந்த வார்த்தையை நினைத்துப் பார்த்துத்தான் எழுதினேன். நீயும் அங்கே கொழும்பில் அப்படியே இருக்க வேண்டும், இந்தக் காகிதத்தை நீயே உன் கையால் பிரிக்க வேண்டும், வேறு யாரும் பிரித்து வாசிக்கும்படி ஆகக் கூடாது என்று காலையிலிருந்து நான் ஜெபிக்காத நேரம் இல்லை.

தக்கலைக்குப் போய் உனக்குத் தந்தி கொடுத்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். தந்தியைப் பார்த்ததும் உனக்கு ஈரக்குலை நடுங்கியிருக்கும், அது எனக்குத் தெரியும். நம் ஊரில் தந்தி வந்தால் வாசிப்பதற்கு முன்பே அழ ஆரம்பிப்பார்கள், அங்கேயும் அப்படித்தான் இருக்கும். உன்னைப் பயமுறுத்த எனக்கு ஆசையா? ஆனால் பயந்தால்தான் நீ லாரியில் ஏறாமல் இருப்பாய், இல்லாவிட்டால் அம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாய், உன்னைப் பெற்றவளுக்கு உன்னைத் தெரியாதா. பூங்கனிதான் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். நீ லாரி ஓட்டாதே, போல்ட்டு சரியில்லை, கடிதம் வருகிறது, அம்மா. அவ்வளவுதான் அதில் இருக்கும். என்ன நடந்தது, ஏன் ஓட்டக் கூடாது என்பதெல்லாம் தந்தியில் அடங்குகிற சங்கதி இல்லை. இன்றைக்குத் தந்திக்குக் கட்டுப்பட்டு நின்றாலும் அடுத்த வாரம் நீ அதே லாரியில் ஏறுவாய், ஆகையால் உனக்கு விளங்கும்படி முழுவதும் எழுதுகிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா வழக்கம்போல பேச்சிப்பாறைக்குப் பஸ்ஸை எடுத்துப் போனார். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, உள்ளே இருபது பேர். ஏற்றம் முடிகிற இடத்தில் இடது பக்கம் ரப்பர்த் தோட்டமும் வலது பக்கம் கால்வாயுமாக ஒரு வளைவு உண்டல்லவா, அங்கே போய் ஸ்டியரிங்கைத் திருப்பியிருக்கிறார், வண்டி திரும்பவில்லை. கையில் வளையம் சுற்றுகிறது, சக்கரம் தன் பாட்டுக்கு நேரே போகிறது. ஸ்டியரிங் பெட்டியை வண்டிச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருந்த நாலு போல்ட்டில் மூன்று கழன்று, பெட்டியே சட்டத்தை விட்டுப் பெயர்ந்து ஆடியிருக்கிறது. அப்பா பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். வண்டி இடது பக்கம் இழுத்து ஒரு ரப்பர் மரத்தில் மோதி நின்றது. வலது பக்கம் இழுத்திருந்தால் இந்த மழைத் தண்ணீரில் இருபது பேரையும் எங்கே போய்த் தேடுவது? மோர் கொண்டு வருகிற தாணம்மாளுக்கு மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது, அப்பாவுக்குத் தாடை கிழிந்து நாலு தையல். மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். அப்பா அங்கிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தார், ஈரத் துணியைக்கூட மாற்றாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டதற்கு, இரும்பு கொள்ளாதுட்டி, வேற ஒண்ணுமில்ல, நீ பயப்படாண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அந்த போல்ட்டு நீ அனுப்பியது. இதை எழுதாமல் விட்டுவிட முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன் மகனே, முடியாது. மே மாதம் அங்கிருந்து லீவில் வந்த நேசையன் கையில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய போல்ட்டும் நட்டும் கொடுத்துவிட்டாயே, அதைக் கண்டு உன் அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கோட்டாற்றில் பத்துக் கடை ஏறி இறங்கினாலும் இந்த மாதிரிப் புது போல்ட்டு கிடைக்காது, எனக்க மொவன் கொளும்புல இருந்து அனுப்பிருக்கான் என்று பஸ் நிற்கிற இடத்தில் ஒருவர் பாக்கி இல்லாமல் காட்டினார். போன வியாழக்கிழமை ஸ்டியரிங் பெட்டியின் பழைய போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு இதில் நாலு எடுத்து மாட்டினார். மூன்று சுற்று விரலாலேயே போன நட்டு அதற்கு மேல் நகரவில்லை. உடனே வீட்டுக்கு ஆள் அனுப்பித் தேங்காய் எண்ணெய் கேட்டார், நான்தான் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். எண்ணெயைத் தடவி, ஸ்பேனரின் பிடியில் ஒரு நீளக் குழாயைச் செருகி, இரண்டு ஆளாகத் தொங்கி முறுக்கி ஏற்றினார்களாம். முறுக்கமாட்டு இருந்தாத்தான் கழராது என்று அன்றைக்கு இராத்திரி சாப்பிடும்போது என்னிடமே பெருமையாகச் சொன்னார். அதற்கு மேல் இங்கே எல்லா டிரைவர்மாரும் செய்கிற வழக்கம் உனக்குத் தெரிந்ததுதானே, தோட்டத்தில் சிரட்டையிலிருந்து ரப்பர் பால் கொஞ்சம் எடுத்து நட்டைச் சுற்றி அப்பிவிட்டார். அது காய்ந்து இறுகிவிட்டால் நட்டு ஆடாது, சத்தம் வராது, அப்புறம் அதை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இன்று காலை மழை வெறித்ததும் லேஸ் பின்னுகிற தலையணையை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன், வேலை ஓடவில்லை. மேசையில் கிடந்த அந்த போல்ட்டையே கண் போய்ப் போய்ப் பார்த்தது. எடுத்து மண்ணெண்ணெயால் துடைத்து, ஒட்டியிருந்த பாலை ஊசியால் கிளறி எடுத்தேன். போல்ட்டின் மேல் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்குமே புரி, அது நட்டு இருந்த இடத்தில் மட்டும் சிதைந்து நார் நாராக நின்றது. இரும்பு மோசமானால் முறிய வேண்டும். இது முறியவில்லை, எதுவோ அரைத்திருக்கிறது. எனக்கு மனசு கேட்கவில்லை. டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். மிச்சம் ஏழு போல்ட்டும் பத்து நட்டும் இருந்தது. எல்லாம் ஒரே பருமன், அரை அங்குலம், பார்வைக்கு ஒரு வித்தியாசம் கிடையாது. ஒரு நட்டை எடுத்து ஒரு போல்ட்டில் சுற்றினேன், மூன்று சுற்றுப் போய் நின்றது. அதே நட்டை இன்னொரு போல்ட்டில் சுற்றினேன், அடி வரைக்கும் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஏழையும் பார்த்தேன். இரண்டு போல்ட்டுதான் நட்டை முழுக்க ஏற்றது, ஐந்து ஏற்கவில்லை. பிறகு ஏற்ற ஒன்றையும் ஏற்காத ஒன்றையும் பல்லோடு பல் கோத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். முதல் நாலு பல் ஒன்றுக்குள் ஒன்று அமர்ந்தது, அதற்கு மேல் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அடிக்கோலை வைத்து, ஒவ்வொரு புரியிலும் லேஸ் குண்டூசியின் முனையை வைத்து எண்ணினேன். ஒன்றில் அங்குலத்துக்குப் பன்னிரண்டு புரி, மற்றதில் பதின்மூன்று. நாலு தரம் எண்ணினேன், பூங்கனியைக் கூப்பிட்டு அவளையும் எண்ணச் சொன்னேன். அவளுக்கும் அதே கணக்குதான். நட்டுகள் பத்தும் பன்னிரண்டு, பஸ்ஸிலிருந்து கழன்ற போல்ட்டு பதின்மூன்று.

எனக்கு இது சட்டென்று விளங்கியதற்குக் காரணம் நான் பட்ட பாடு. லேஸ் பழகிய முதல் வருஷம் தெரியாமல் இரண்டு மாதிரி அட்டையில் பாதிப் பாதி வேலை செய்துவிட்டேன், ஒன்றில் அங்குலத்துக்குக் குண்டூசி குத்துகிற துளை பன்னிரண்டு, ஒன்றில் பதின்மூன்று. இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதல் மூன்று நாலு கண்ணி அழகாக ஒத்துப் போகும், அதற்கு அப்புறம் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். இழுத்துப் பிடித்துத் தைத்தேன், தைக்கத் தைக்க நூல் அறுந்துகொண்டே வந்தது. நூல் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். நட்டுக்குள்ளே இரும்பு அறுந்தால் யாருக்குத் தெரியும்? உன் அப்பா குழாய் போட்டு முறுக்கியது இறுக்கம் இல்லை மக்கா, புரியை அறுத்த அறுப்பு. அறுத்த இரும்பின் மேல் ரப்பர் பாலைப் பூசி மறைத்தும் விட்டார். ஐந்து நாளாக அந்த பஸ்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தது இரும்பே இல்லை, காய்ந்த பால்தான். ஏற்றத்தில் இஞ்சின் கொதித்துச் சட்டம் சூடாகச் சூடாகப் பால் இளகிவிட்டது, அதோடு நட்டும் போயிற்று. பருமன் ஒன்றாயிருந்தால் போதும் என்றுதான் நாம் எல்லாரும் நினைத்திருக்கிறோம். அதுதான் தப்பு. புரிக்கும் புரிக்கும் நடுவே உள்ள இடைவெளியும் ஒன்றாயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த போல்ட்டும் நட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சாமான்.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிறகு இரண்டு போல்ட்டையும் வாங்கித் தாமே கோத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம்தான் சொன்னார், ஏட்டி, அவனும் இதத்தானே அங்க மாட்டிருக்கான் என்று. எனக்கு அதற்கு முன்னால் அது தோன்றவில்லை. என் புத்தி முழுக்க இந்த பஸ்ஸைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து உன் கடிதத்தை எடுத்தேன், ஜூன் கடைசியில் நீ எழுதியது. கம்பெனி ஸ்டோரில் போல்ட்டு கேட்டால் இரண்டு நாள் இழுத்தடிக்கிறார்கள், லாரி சும்மா நிற்கிறது, ஆகையால் அப்பாவுக்கு அனுப்பியது போக என்னிடம் இருந்த மிச்சத்தில் நாலு எடுத்து ஸ்டியரிங் பெட்டியில் நானே மாட்டிவிட்டேன், அப்பா செய்கிற மாதிரி ரப்பர் பாலும் பூசினேன், ஒரே நாளில் முடித்துவிட்டாய் என்று மானேஜர் துரை தோளில் தட்டினார், அந்த லாரியை ஜூலை பதினெட்டு வியாழக்கிழமை மலைக்குச் சரக்கு ஏற்றி நானே கொண்டு போகிறேன் என்று நீ எழுதியிருந்ததை நான் வேதக்கோயிலில் நாலு பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். முதல் நாள் கேகாலையில் பாதிச் சரக்கை இறக்கிவிட்டு அங்கேயே தங்கல், மறுநாள் விடிந்ததும் கடுகண்ணாவை என்கிற மலை ஏற்றம், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் என்று அதையும் வேறு எழுதி வைத்திருக்கிறாய். இதுவரைக்கும் கொழும்புச் சமவெளியில் ஓடினதால் ஒன்றும் நடக்கவில்லை. நம் பேச்சிப்பாறை ஏற்றம் எவ்வளவு தூரம், அந்தக் கடுகண்ணாவை எவ்வளவு தூரம், பூங்கனியின் பூகோளப் புத்தகத்தை விரித்து விரலால் அளந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு முன் தந்தி போக வேண்டும் என்று பூங்கனியைக் கூட்டிக்கொண்டு தக்கலை பஸ்ஸில் ஏறினேன். ஏறும் முன்னே குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன், டிரைவர் என்னம்மா ஏதாவது விழுந்துட்டா என்று கேட்டான், ராஜையன் பொஞ்சாதி என்று தெரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டான். வழி நெடுக அவன் கை திரும்பும்போதெல்லாம் சக்கரமும் திரும்புகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். என்னைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளும் பயந்துபோய் முன் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். உன் அப்பாவுக்கு நான் தந்தி கொடுப்பதில் மனசு இல்லை. கம்பெனிக்குத் தெரிந்தால் பயலுக்க சோலி போவும்லா என்று இரண்டு தரம் சொன்னார். இங்கேயும் அவர் முதலாளியிடம் பழைய போல்ட்டு தேய்ந்து அறுந்துவிட்டது என்றுதான் சொல்லியிருக்கிறார், நீ அனுப்பியதை மாட்டினேன் என்று சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. இருபது வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிய மனுஷன், முகம் இப்போது வெளுத்துப் போயிருக்கிறது, பஸ் ஹாரன் சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறார்.

இந்தக் காகிதத்தின் ஓரத்தில் கறுப்பாக இரண்டு வரிசைக் கோடு தெரியும். விளக்குப் புகைக் கரியை எண்ணெயில் குழைத்து இரண்டு போல்ட்டிலும் தடவி இங்கே அழுத்தியிருக்கிறேன். மேலே இருப்பது பன்னிரண்டு, கீழே இருப்பது பதின்மூன்று. அடிக்கோல் வைத்து நீயே எண்ணிப் பார், அம்மா சொன்னாள் என்று நம்ப வேண்டாம். நீ இரண்டு இடத்துச் சாமானை ஒரே விலைக்கு வாங்கி ஒன்றாகக் கொட்டியிருப்பாய், ஒன்று இங்கிலீஷ் அளவு, ஒன்று அமெரிக்க அளவு என்று அப்பா இப்போது சொல்கிறார், போன வாரம் இந்த ஞானம் இருந்ததா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். இனிமேல் எந்த நட்டையும் விரலால் அடி வரைக்கும் சுற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். பாதி வழியில் நின்றால் எண்ணெய் தேடாதே, குழாய் தேடாதே, அந்த நட்டைக் கீழே வைத்துவிட்டு வேறு எடு. ரப்பர் பாலைக் கையால்கூடத் தொடாதே. நாளைக் காலையில் நானே தக்கலைக்குப் போய் இதைத் தபாலில் சேர்க்கிறேன். உன் மறுதந்தி வந்திருந்தால் அதையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். நீ லாரியில் ஏறவில்லை என்ற ஒரு சொல் எனக்குப் போதும், வேறொன்றும் வேண்டாம்.

ஜூலை 18, வியாழன். தக்கலை தந்தி ஆபீஸில் பெஞ்சில் இருந்து எழுதுகிறேன்.

மகனே, உன் தந்தி வந்திருக்கிறது. இங்கே தந்தி அடிக்கிற கிருஷ்ணமணி என்கிற பிள்ளை நான் படி ஏறும்போதே, அம்மா, கொளும்புல இருந்து வந்திருக்கு, நல்ல சேதிதான், பயப்படாண்டாம் என்று சத்தமாகச் சொன்னார். தமிழில் வாசித்தும் காட்டினார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன், இன்று காலை அப்புகாமி லாரியை எடுத்துப் போனான், நான் சுகம், கவலை வேண்டாம். ஆண்டவரே ஸ்தோத்திரம் என்று நான் அத்தனை பேர் முன்னாலும் வாய் விட்டுச் சொல்லி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கிருஷ்ணமணி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பாதித் தண்ணீர் குடித்த பிறகுதான் மற்ற வார்த்தை என் காதுக்குள் போயிற்று. இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். அப்புகாமி லாரியை எடுத்துப் போனான்.

ஞானசிங்கு, அது யார் என்று எனக்குத் தெரியாதா? போன டிசம்பரில் நீ காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் தன் வீட்டிலிருந்து கொத்தமல்லித் தண்ணீர் போட்டுக் கொண்டுவந்து குடிக்க வைத்த சிங்கள டிரைவர் அவன்தானே. அன்றையிலிருந்து நம் குடும்ப ஜெபத்தில் உன் பேருக்கு அடுத்தபடி அவன் பேரைச் சொல்லிவருகிறேன், இன்று காலையில்கூட இங்கே புறப்படுமுன் சொன்னேன். அந்நேரம் அவன் உன் நாலு போல்ட்டின் மேல் உட்கார்ந்து கேகாலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். போல்ட்டு சரியில்லை என்றும் அதே தந்தியில் இருந்ததே, நீ வாசிக்கவில்லையா? உனக்கு ஆகாத போல்ட்டு அவனுக்கு மட்டும் ஆகுமா? வேலை போய்விடும் என்று பயந்தாய், காய்ச்சல் என்று சொன்னாய், சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு எனக்குச் சுகம் என்று தந்தி அடித்தாய். உன் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருக்கிறது, நீ என் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறாய்.

அறைவதற்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று பிறகு யோசித்தேன். நேற்று இதே இடத்தில் பூங்கனி பேனாவை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள், அம்மா, நீ ஓட்டாதேன்னு போடணுமா, லாரியை நிறுத்துன்னு போடணுமா என்று. நிறுத்து என்றால் ஏன் என்று துரை கேட்பார், எல்லாம் வெளியே வரும், உன் வேலை போகும் என்று எண்ணி, ஓட்டாதேன்னு போடு மக்கா, அது போதும் என்று நான்தான் சொன்னேன். என் பிள்ளை இறங்கினால் போதும் என்றிருந்தேன், அந்த ஆசனத்தில் வேறு யார் ஏறுவார்கள் என்று நினைக்கவே இல்லை. நான் கேட்டபடிதான் நீ செய்திருக்கிறாய். அவனை அந்த லாரியில் ஏற்றியது நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான். நேற்று உனக்காக நடுங்கினேன், அது பெற்ற வயிறு நடுங்குகிற நடுக்கம். இன்றைக்கு இருக்கிற பயம் வேறு, இது என்னை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை.

ஆகையால் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இப்போது மணி பதினொன்று ஆகிறது. லாரி இன்று ராத்திரி கேகாலையில் நின்று நாளை விடிந்துதான் ஏற்றம் ஏறும் என்று நீ எழுதியது நிஜமானால் இன்னும் நேரம் இருக்கிறது. உன் கடித உறையில் அச்சடித்திருக்கிற கம்பெனி விலாசத்துக்கு, மானேஜர் துரை பேருக்கு, ஒரு தந்தி கொடுத்துவிட்டேன். லாரியைக் கேகாலையில் நிறுத்துங்கள், ஸ்டியரிங் போல்ட்டுகள் தவறானவை, மாட்டியது என் மகன் ஞானசிங். கிருஷ்ணமணி அதை இங்கிலீஷில் எழுதிவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். அம்மா, கடைசி வரி வேண்டாமே, மொவனுக்க பேர வெட்டிருவோமா, சோலி போயிரும் பாத்துக்கிடுங்க என்று மெதுவாகச் சொன்னார், நல்ல மனசில்தான் சொன்னார். பேர் இல்லாத தந்தியை எந்தத் துரை நம்புவான்? எவளோ பைத்தியக்காரி என்று கசக்கி எறிவான். இருக்கட்டும் பிள்ளே, பேரு இருக்கட்டும் என்றேன். அவர் அடிக்க ஆரம்பித்தார், உன் பேர் வருகிற இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். உனக்கும் தனியாக ஒரு தந்தி கொடுத்திருக்கிறேன், ரயிலோ பஸ்ஸோ எது முதலில் கிடைக்கிறதோ அதில் நீயே கேகாலைக்குப் போ என்று. இந்தக் கடிதம் உன் கையில் வரும்போது எல்லாம் நடந்து முடிந்திருக்கும், நல்லதோ கெட்டதோ. அது என்ன என்று தெரியாமல் எழுதுவதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

துரை உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லாதே, இந்தக் காகித ஓரத்துக் கோடுகளை அவருக்குக் காட்டு. வேலை போனால் போகட்டும், தூத்துக்குடிக் கப்பலில் ஏறி வந்துவிடு, சாப்பாட்டுக்கு இங்கே குறைவு இல்லை. ஆனால் வருவதற்கு முன் அப்புகாமியை நேரில் பார்த்து நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வா, அவன் உன்னை அடித்தால் வாங்கிக்கொள். அவனைப் பார்த்தேன், பேசினேன் என்று நீ எழுத வேண்டும், அதற்காகத்தான் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். சேதி தெரிந்து வீட்டுக்குப் போனதும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அவர் முதலாளியிடம் போகப் போகிறேன், தாணம்மாளிடமும். அவர் மறுப்பார் என்று தோன்றவில்லை, காலையில் நான் புறப்படும்போது டப்பாவில் இருந்த நட்டு பத்தையும் எடுத்துத் தம் மடியில் கட்டிக்கொண்டிருந்தார், முதலாளியிடம் காட்டத்தான் இருக்கும்.

தபால் பை கட்டப் போகிறார்கள் என்று கிருஷ்ணமணி சொல்கிறார். கேகாலையிலிருந்து ஒரு வார்த்தை வரும்வரை நான் இந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன், சாயங்காலம் ஆபீஸ் பூட்டினால் வாசலில் இருப்பேன். தகப்பனும் தாயும் கொடுக்கிற ஆசீர்வாதம் உன் மேலும், இன்றைக்கு உன்னைவிட அதிகமாக அந்த அப்புகாமி மேலும் இருப்பதாக. நீ ராத்திரி ஈரத் தலையோடு படுக்காதே. உன் மேல் எனக்கு உள்ள அன்பில் ஒரு இம்மி குறைந்துவிடவில்லை, அதையும் தெரிந்துகொள். என்னை மன்னிப்பாயோ மாட்டாயோ, அதை நீ வந்து சொல்.

இப்படிக்கு,
துரைக்கு உன் பேரைச் சொல்லிக் கொடுத்த
உன் அம்மா,
ரா. நேசபாய்